அதுவரை அதன் பெயர் புதுசு

ஒரே ஒரு சொல்தான் இந்த ஃபைலில் இருக்கிறது, புதுசு, ஆங்கிலத்தில் ஏழு எழுத்து, அதை அழித்துவிட்டு வேறு ஒரு சொல்லை அடித்துச் சேமித்தால் இந்த சர்வருக்குப் பெயர் வைத்தாயிற்று, அரை நிமிட வேலை, அந்த அரை நிமிட வேலையை நான் இரண்டு பத்திலிருந்து செய்துகொண்டிருக்கிறேன், இப்போது மணி இரண்டு நாற்பது. கர்சர் அந்தச் சொல்லுக்குப் பின்னால் நின்று விட்டு விட்டு மினுங்குகிறது. சனிக்கிழமை, கல்லூரியில் வகுப்பு கிடையாது, கம்ப்யூட்டர் சென்டரில் நான் மட்டும், ஏசி பதினெட்டில் ஓடுகிறது, மெஷின்களுக்காக ஓடுகிறது, எனக்காக இல்லை, நான் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், வெளியே கீரனூர் வெயிலில் தார் இளகிக்கொண்டிருக்கும். இன்று காலையிலிருந்து யாரிடமும் பேசவில்லை என்பது இன்டர்காம் அடித்தபோதுதான் தெரிந்தது, ஹலோ என்றால் சத்தமே வரவில்லை, தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி ஹலோ என்றேன். ஆபீஸ் சூப்பரின்டென்டென்ட் தங்கவேலு. "மேடம், அந்தத் தஞ்சாவூர் ஃபாரம் என்னாச்சு? நாலு மணிக்கு கூரியர்காரன் வந்துருவான்." பாத்துக்கிட்டிருக்கேன் சார் என்றேன். "பாக்குறதுக்கு என்ன மேடம் இருக்கு, ஆமாங்கிறதுல ஒரு டிக்கு, கீழ ஒரு கையெழுத்து. பாவம், நல்ல மனுசன். ஆனா நடந்தது நடந்ததுதானே." வைத்துவிட்டார். ஃபாரம் கீபோர்டுக்குப் பக்கத்தில் கிடக்கிறது, காற்றில் பறக்காமல் அதன்மேல் என் டிபன் பாக்ஸை வைத்திருக்கிறேன். தஞ்சாவூரில் ஏதோ ஒரு நர்சிங் கல்லூரி, கம்ப்யூட்டர் அறையைப் பார்த்துக்கொள்ள ஆள் எடுக்கிறார்கள், விண்ணப்பித்தவர் முன்பு வேலை பார்த்த இடத்தில் விசாரிக்கிறார்கள். விண்ணப்பித்தவர் பெயர் அ. பிலவேந்திரன். பழைய வேலையை விட்ட காரணம் என்ற கட்டத்தில், இடதுபக்கம் சாயும், எனக்கு நன்றாகத் தெரிந்த கையெழுத்தில், அவரே எழுதியிருக்கிறார்: பேக்கப் எடுக்காமல் விட்டதால் மாணவர்களின் மதிப்பெண்கள் அழிந்தன, பொறுப்பேற்று விலகினேன். அதற்குக் கீழே எங்களுக்கான கேள்வி: மேற்கண்ட காரணம் சரிதானா? ஆம். இல்லை. இரண்டு சின்னச் சதுரங்கள். கம்ப்யூட்டர் சென்டர் பொறுப்பாளர் நிரப்ப வேண்டும், பொறுப்பாளர் உமையாள், அது நான்தான், எனக்கு முன்னால் பொறுப்பாளராக அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறேன், இடதுபக்கக் கைப்பிடி அப்போதே ஆடும், இப்போதும் ஆடுகிறது.

ஏழு எழுத்தை அழி. அழித்துவிட்டு என்ன அடிப்பது என்பதில்கூடக் குழப்பமில்லை, இரும்பு பீரோவின் உள்கதவில் பட்டியல் ஒட்டியிருக்கிறது, அதுவும் அந்த இடதுபக்கம் சாயும் கையெழுத்துதான், பறவைப் பெயர்கள், கொக்கு, மைனா, ஆந்தை, வாலாட்டி, கௌதாரி, வைத்த பெயரையெல்லாம் கோடு போட்டு அடித்துவிடுவோம், செத்த மெஷினின் பெயரை இன்னொன்றுக்கு வைப்பதில்லை என்பது இந்த அறையின் சட்டம். கடைசியாக மிச்சமிருப்பது ஒன்றுதான், உள்ளான். இன்னொரு சட்டமும் உண்டு. பெயர் வைக்கும்வரை எந்த மெஷினுக்கும் பெயர் புதுசு. புதுசில் இருப்பது எல்லாம் போட்டுப் பார்த்த சரக்கு, யாரும் யாரையும் கேட்காமல் அழித்துவிடலாம். அதுவும் அவர் வைத்த சட்டம்தான், அதை நினைத்தால் எனக்குக் கைக்குள் வேர்க்கிறது, பதினெட்டு டிகிரியிலும் வேர்க்கிறது. நான் இங்கே சேர்ந்த முதல் வாரம் இதே நாற்காலிக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் ஸ்டூலில் என்னை உட்கார வைத்து, டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டே சொன்னார், "பேரு வெக்கிறது பெரிய வேலையில்ல மேடம். வெச்ச பேர மத்த மெஷினுக்கெல்லாம் சொல்லணும். மொதல்ல அதுக்கே அது யாருன்னு தெரியணும். அதான் வேல." டொமைன் பெயர் எதற்கு, மெஷினின் சொந்தப் பெயரான ஹோஸ்ட்நேம் மட்டும் போதாதா என்று கேட்டேன், கேட்டுவிட்டு இதுகூடத் தெரியாதா என்று நினைப்பாரோ என்று பயந்தேன். "உங்க பேரு உமையாள். இந்த காலேஜுல உமையாள்னா நீங்க ஒருத்தர்தான். காரைக்குடி பஸ் ஸ்டாண்டுல நின்னுக்கிட்டு உமையாள்னு கூப்புட்டா பத்துப் பேரு திரும்பிப் பாப்பாங்க. அதுக்குத்தான் பின்னாடி எந்த எடம்னு சொல்ற டொமைன்." சிரித்துவிட்டேன். அந்த வருடம் நான் சிரித்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன், கணவர் வீட்டை விட்டு ஒரு சூட்கேஸோடு வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது, காரைக்குடிக்குத் திரும்பிப் போக முடியாது, அண்ணன் ஓசூரில் இருந்தான், ஒரு வாரத்துக்கு மேல் தங்கினால் அண்ணியின் முகம் மாறும், இந்தத் தற்காலிக வேலையும் கீரனூரில் ஓர் ஒற்றை அறையும்தான் எனக்கு இருந்தன, அது அவருக்குத் தெரியும், ஒருநாளும் அதைப் பற்றிக் கேட்டதில்லை. பெயர் வைத்து முடித்ததும் அந்த மெஷினிலிருந்து ஒரு மெயில் அனுப்பிப் பார்ப்போம், பெயரும் டொமைனும் ஒழுங்காக இருந்தால் போய்ச் சேரும். நான் வைத்தால் அவருக்கு, அவர் வைத்தால் எனக்கு. ஒரே வரி. வந்துட்டேன், தக்காளி சாதம். அதற்குப் பதில், வந்து சேந்துச்சு, இங்க ரசம் மட்டும்தான், குடுத்து வெச்சவுங்க. மெஷின் பேசுவதுபோல எழுத வேண்டும், அன்று மதியம் என்ன சாப்பாடு என்று எழுத வேண்டும், ஏன் அப்படி ஆரம்பித்தது என்று ஞாபகமில்லை. அவர் போனபிறகு எட்டு வருடத்தில் பதினோரு மெஷினுக்குப் பெயர் வைத்திருக்கிறேன், பதினோரு தடவையும் அந்த மெயிலை எனக்கே அனுப்பிக்கொண்டேன். உமையாளிடமிருந்து உமையாளுக்கு, வந்துவிட்டேன். சாப்பாட்டைப் பற்றி எழுதவில்லை, என்ன சாப்பிட்டேன் என்று எனக்குத்தான் தெரியுமே.

மூன்று மணி. இன்னும் அந்த ஏழு எழுத்து. இந்தப் பெட்டிக்குள் இப்போது இரண்டாயிரத்து நானூறு பிள்ளைகளின் மதிப்பெண்கள் இருக்கின்றன, காலையில் நாரையிலிருந்து நகலெடுத்தேன், மூன்று முறை சரிபார்த்தேன், மூன்று பேக்கப் எடுத்தேன், ஒன்று என் கைப்பையில் இருக்கிறது. நாரையின் ஆயுள் முடிந்துவிட்டது, மின்விசிறி கரகரக்கிறது, திங்கள்கிழமை அணைத்துவிடுவோம். அந்த நாரைக்குப் பெயர் வைத்தவள் நான். எட்டு வருடத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, நவம்பர், மழை பெய்துகொண்டிருந்தது. அன்று ரேக்கில் இரண்டு புதுசுகள் இருந்தன. ஒன்றில் உண்மையான மதிப்பெண்களை ஏற்றியிருந்தோம், பழைய சர்வரைக் காலையிலேயே பிலவேந்திரன் சார் துடைத்து லேபுக்குக் கொடுத்துவிட்டார், இரவு முதல் பேக்கப் ஓட வேண்டும், அதையும் அவரே அமைத்து வைத்திருந்தார். இன்னொரு புதுசில் மாதிரி மதிப்பெண்கள் போட்டுப் பார்த்திருந்தோம், "மத்தியானம் அதக் கொஞ்சம் க்ளீன் பண்ணிருங்க மேடம்" என்று சொல்லியிருந்தார். பன்னிரண்டரைக்கு நான் முதல் மெஷினின் பெயரை மாற்றினேன், புதுசை அழித்து நாரை என்று அடித்தேன், சேமித்தேன், சாப்பிடப் போனேன். அதோடு விட்டேன். அதுதான் நான் செய்தது. இந்த மெஷின்கள் ஓடும் லினக்ஸில் ஒரு குணம் உண்டு, பெயரை மாற்றினால் மெஷின் புதுப் பெயருக்கு வந்துவிடும், ஆனால் ஏற்கெனவே திறந்திருக்கும் கறுப்புத் திரையில் வரியின் தொடக்கத்தில் பழைய பெயரே நின்றுகொண்டிருக்கும், வெளியே போய் மறுபடி லாகின் செய்தால்தான் மாறும். சாப்பிட்டுவிட்டு வந்தேன். திரையில் புதுசு என்று இருந்தது. நான் யோசிக்காமல் செய்தேன் என்று சொல்ல முடியாது, யோசித்தேன், இரண்டு புதுசில் ஒன்றை நாரை ஆக்கிவிட்டேன், ஆக மிச்சம் ஒரே புதுசு, திரையில் புதுசு என்று இருக்கிறது, ஆக இதுதான் அது. எவ்வளவு அழகாக யோசித்திருக்கிறேன் பாருங்கள். அழி என்று அடித்தேன், என்டரைத் தட்டினேன். மாதிரி மதிப்பெண்கள் நூறு பேருக்குத்தான், நொடியில் முடிந்திருக்க வேண்டும், அது முடியவில்லை, கர்சர் கீழே இறங்கி சும்மா நின்றது, ஒன்று, இரண்டு, மூன்று, நான்காவது நொடியில் எனக்குத் தெரிந்துவிட்டது. ஹோஸ்ட்நேம் என்று அடித்துக் கேட்டேன். நாரை என்றது.

அதற்குப் பிறகு நான் செய்தது என்ன? லாக் அவுட் செய்தேன். எழுந்து போய்க் கைகழுவினேன். திரும்பி வந்து இன்னொரு புதுசுக்குள் போய் மாதிரி மதிப்பெண்களைச் சுத்தம் செய்தேன், ஆமாம், அதையும் செய்தேன், சொன்ன வேலையைச் செய்துவிட்ட பெண்ணாக உட்கார்ந்திருந்தேன். நாலரைக்கு அவர் வந்து பார்த்தார். பிறகு இந்த நாற்காலியில் உட்கார்ந்து, "நீங்க கெளம்புங்க மேடம், மழை வருது, நான் பாத்துக்கிறேன்" என்றார். கிளம்பினேன். பஸ்ஸில் ஜன்னலை மூடாமல் நனைந்துகொண்டே போனேன், சொல்லிவிடலாம், நாளை சொல்லிவிடலாம், சொன்னால் அன்றைக்கே அனுப்பிவிடுவார்கள், தற்காலிக ஊழியர், ஒரு வரிக் கடிதம் போதும், பிறகு எங்கே போவது, அண்ணியின் முகம், இதே நாலைந்து நினைப்பு, செக்குமாடு போல. மறுநாள் சனிக்கிழமை, விடிந்ததும் வந்தேன், சொல்ல வரவில்லை, அழிக்க வந்தேன். நாம் அடிக்கும் கமாண்டையெல்லாம் மெஷின் ஒரு ஃபைலில் எழுதி வைத்துக்கொள்ளும், யார் அடித்தது, எத்தனை மணிக்கு என்றுகூட அங்கே நாங்கள் பதிய வைத்திருந்தோம், என் பெயரில் இருந்ததைத் திறந்தேன். காலியாக இருந்தது. ஒரு வரியும் இல்லை. மதிப்பெண்களோடு அதுவும் சேர்ந்து போயிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், மதிப்பெண் இருந்த டிஸ்க் வேறு, இது வேறு, அது எனக்குத் தெரியாதா, தெரியும், தெரிந்தும் சொல்லிக்கொண்டேன். பஸ் ஸ்டாண்டுப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன். இதை யாரிடம் சொன்னால் சிரிப்பார்கள், யாரிடம் சொன்னால் காறித் துப்புவார்கள்? திங்கள்கிழமை பத்தரைக்கு விசாரணைக் கமிட்டி. டிஸ்க் போய்விட்டது, வேறு போட்டிருக்கிறேன், அன்றே பேக்கப் எடுத்திருக்க வேண்டும், எடுக்கவில்லை, என் பொறுப்பு என்று அவரே சொல்லிவிட்டார், எழுதியும் கொடுத்துவிட்டார். உள்ளே போவதற்கு முன்னால் பிரின்சிபால் அறை வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், நான் கொஞ்சம் தள்ளி நின்றேன், என்னை நிமிர்ந்து பார்த்து, "சாப்ட்டீங்களா மேடம்?" என்றார். சாப்பிட்டேன் சார் என்றேன். அவ்வளவுதான் எங்கள் கடைசிப் பேச்சு. பன்னிரண்டு நாள் வாத்தியார்களின் நோட்டுகளிலிருந்து மதிப்பெண்களை நானே மறுபடி ஏற்றினேன், பொறுப்பான பெண் என்று பெயர் வாங்கினேன், ஆறு மாதத்தில் நிரந்தரமாக்கினார்கள், பிறகு இந்த நாற்காலி. அவர் திருக்காட்டுப்பள்ளியில் ஜெராக்ஸ் கடை வைத்தார் என்று கேள்விப்பட்டேன், வீட்டில் மனைவி, இரண்டு பெண்கள். நான் எந்த மெஷினில் கைவைத்தாலும் முதலில் ஹோஸ்ட்நேம் என்று அடித்து நீ யார் என்று கேட்கிறேன், பதில் வந்தபிறகும் இன்னொரு தடவை கேட்கிறேன், வீட்டுப் பூட்டை நாலு தடவை இழுத்துப் பார்க்கிறேன், ஞாயிற்றுக்கிழமை அண்ணன் போன் செய்தால் நல்லா இருக்கேன் என்கிறேன். யாரோடும் நெருங்கிப் பழக முடியவில்லை, நெருங்கினால் இதைச் சொல்ல வேண்டிவரும்.

மறுபடி இன்டர்காம். "மேடம், மூணேகால் ஆச்சு." தர்றேன் சார் என்றேன். ஆம் என்ற சதுரம் என்னையே பார்க்கிறது, அதில் டிக் அடித்தால் பொய்கூட ஆகாது, அவரே எழுதியதை ஆமாம் என்கிறேன், அவ்வளவுதானே, எவ்வளவு சவுகரியமான பேச்சு. டிக் அடித்தால் தஞ்சாவூர்க்காரர்கள் ஃபாரத்தை மூலையில் போட்டுவிடுவார்கள், மதிப்பெண்ணைத் தொலைத்தவரிடம் யார் அறைச் சாவியைக் கொடுப்பார்கள், அவருக்கு ஐம்பது வயது, இதற்குமேல் யார் எடுப்பார்கள். இல்லை என்று அடித்தால் ஏன் இல்லை என்று எழுத வேண்டும். பேனாவை எடுத்தேன், வைத்தேன். முதலில் இந்த வேலையை முடிப்போம் என்று திரும்பினேன், வேலை இருக்கும்வரை யோசிக்க வேண்டாம், அது என் பழைய தந்திரம். பெயர் வைக்குமுன் நாரையின் ஹோஸ்ட்ஸ் ஃபைலைப் பார்த்து இங்கே எழுத வேண்டும், எந்த மெஷின் எந்த எண்ணில் இருக்கிறது, அதன் முழுப்பெயர் என்ன, சுருக்கப்பெயர் என்ன என்று வரிவரியாக இருக்கும் ஃபைல் அது. ஒருமுறை எழுதிவிட்டால் திறக்கவே வேண்டியதில்லை, எட்டு வருடத்தில் நான் திறந்ததில்லை, நாரைக்குள் நான் போவதே தலைபோகிற காரியம் என்றால்தான். இன்று திறந்தேன். எண், முழுப்பெயர், சுருக்கப்பெயர். கொக்கு, மைனா, ஆந்தை. பாதிக்கு மேல் செத்துப்போன மெஷின்கள். நாரையின் வரிக்குக் கீழே ஒரு வரி, முன்னால் # என்ற கட்டக் குறி போட்டு எழுதியது, அந்தக் குறி போட்டால் மெஷின் அந்த வரியைப் படிக்காது, மனிதர்களுக்காக எழுதி வைப்பது. ஆங்கில எழுத்தில் தமிழ். பெயரை மாற்றியதும் வெளியே போய்த் திரும்ப உள்ளே வரவும், திறந்திருக்கும் திரை பழைய பெயரையே காட்டும். பக்கத்தில் தேதி, நவம்பர் பதினான்கு. வெள்ளிக்கிழமை பதின்மூன்று. பதினான்கு சனிக்கிழமை. திங்கள்கிழமை பதினாறு.

திரையில் பழைய பெயர் இருந்தது என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. அதைத் தெரிந்துகொள்ள ஒரே வழிதான், நான் அடித்த கமாண்டுகளைப் பார்த்திருக்க வேண்டும், பன்னிரண்டரைக்குப் பெயர் மாற்றம், லாக் அவுட் இல்லை, இரண்டு பத்துக்கு அழிப்பு. பார்த்திருக்கிறார். பார்த்து, நான் விடிந்து வருவதற்குள் அந்த ஃபைலைக் காலி செய்தது அவர். டிஸ்க் கெட்டுப்போகவில்லை என்று அவருக்குத் தெரியும். நான் தேங்காய் உடைத்தது அவர் செய்த காரியத்துக்கு. இதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது, அது மெதுவாகத்தான் வந்தது, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டேன். இந்த வரியை யாருக்கு எழுதினார்? இந்த மெஷினைத் தொடுகிறவர்கள் அப்போது இரண்டே பேர். எனக்கு எழுதினார். நாரைக்குப் பெயர் வைத்தவள் அடுத்துத் திறக்க வேண்டிய ஃபைல் இது, சனிக்கிழமையே படிப்பேன் என்று நினைத்திருப்பார், படித்துவிட்டு வந்து பேசுவேன் என்று காத்திருப்பார், சனி, ஞாயிறு, திங்கள் காலை பத்தரை மணிவரை, அந்த பெஞ்சில் உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்து சாப்ட்டீங்களா என்று கேட்டது அதற்குத்தான், நான் வாய் திறக்க அவர் விட்ட கடைசி இடம் அது, சாப்பிட்டேன் சார் என்று சொல்லிவிட்டேன். திட்டி எழுதியிருக்கலாம். என் பெயரைப் போட்டு எழுதியிருக்கலாம். அடுத்த தடவை தப்பு வராமல் இருக்க என்ன செய்ய வேண்டுமோ அதை மட்டும் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். எனக்கு அழுகை வந்தது, நன்றாக அழுதேன், இங்கே யார் கேட்கப்போகிறார்கள், மின்விசிறிகளின் இரைச்சலில் எனக்கே கேட்கவில்லை.

மூன்று நாற்பத்தைந்துக்கு டிபன் பாக்ஸை நகர்த்திவிட்டு இல்லை என்ற சதுரத்தில் டிக் அடித்தேன். கீழே எழுதினேன். மதிப்பெண்களை அழித்தவள் நான். தவறான திரையில் கமாண்ட் கொடுத்தேன், சொல்லாமல் மறைத்தேன். அவரிடம் எந்தத் தவறும் இல்லை. உமையாள், பொறுப்பாளர். இன்னொரு தாளில் இதையே பிரின்சிபாலுக்கும் எழுதினேன், இரண்டையும் ஆபீஸில் கொண்டுபோய்க் கொடுத்தேன், தங்கவேலு கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு படித்தார், இரண்டாவது முறையும் படித்தார். "மேடம், இது போயிருச்சுன்னா திரும்ப வாங்க முடியாது. ஒங்க வேலையும்..." தெரியும் சார், அனுப்புங்க என்றேன். அவர் என்னை வேறு யாரையோ பார்ப்பதுபோலப் பார்த்தார். திரும்பி வந்து ஏழு எழுத்தை அழித்தேன், உள்ளான் என்று அடித்தேன், ஹோஸ்ட்ஸ் ஃபைலில் எண்ணையும் முழுப்பெயரையும் எழுதினேன், அந்தக் கட்டக் குறி போட்ட வரியை அப்படியே, தேதியோடு, ஓர் எழுத்து மாற்றாமல் சேர்த்தேன். எல்லாம் நடப்புக்கு வந்தபிறகும் திரை புதுசு என்றே காட்டிக்கொண்டிருந்தது. வெளியே போனேன். திரும்ப உள்ளே வந்தேன். உள்ளான் என்றது. பீரோவைத் திறந்து பட்டியலின் கடைசிப் பெயரையும் கோடு போட்டு அடித்தேன், இனி வைக்கப் பெயர் இல்லை, வைக்க நானும் இருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன். ஃபாரத்தில் அவருடைய மெயில் முகவரி இருந்தது, உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வந்திருந்தேன். வந்துட்டேன், இன்னிக்குத் தயிர்சாதம், ஊறுகாய்கூட இல்ல என்று அடித்தேன். அடுத்த வரியில், அன்னிக்கு அந்த பெஞ்சுல நீங்க கேட்டப்ப நான் சாப்பிடல சார், நீங்க எழுதி வெச்சத இன்னிக்குத்தான் படிச்சேன் என்று அடித்தேன். அனுப்பினேன். வெளியே போக வேண்டிய மெயில்களின் வரிசையைப் பார்த்தேன், காலியாக இருந்தது, போய்விட்டது. வழக்கமாக இந்த நேரத்தில் பக்கத்து மேஜையில் என் கம்ப்யூட்டர் டிங் என்று ஒருமுறை அடிக்கும், நான் அனுப்பியது எனக்கு வந்துவிட்டது என்று. ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டு பழக்கத்தில் அதற்காகக் காத்திருந்தேன். அடிக்கவில்லை.